வீடூருக்குக் கீழே ஒரே ஊற்று

நேற்று சாயங்காலம் உன் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பின்வாசல் வழியாக அல்ல, தெருவாசல் வழியாக. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். உன் மனைவி அதைக் கண்டுகொள்ளவில்லை. முந்தானையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து என் கையில் கொடுத்தாள். மூங்கில் காம்பு போட்ட உன் கொட்டாங்கச்சி அகப்பை.

"நீங்கதான தோண்டப் போறீங்க. இத எடுத்துக்குங்க. வேற எதுல மொண்டாலும் ஊத்து கலங்கும்."

அவள் போன பிறகு அதை முகர்ந்து பார்த்தேன். ஈர மணல் வாசனை இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அடுப்புப் புகையும் கேழ்வரகுக் கூழும்தான் மணத்தன. ஒன்றரை வருஷமாக அவள் அதை வைத்துத்தான் கூழ் ஊற்றியிருக்கிறாள். அப்புறம் செம்புத் தண்ணீரில் அதை முக்கி எடுத்தேன். ஓடு நனைந்ததும் ஆற்று வாசனை எழுந்தது. அதோடு நீயும் வந்துவிட்டாய்.

நான் செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே உட்கார்ந்து ஊராருக்கு மனு எழுதிப் பிழைக்கிறவன் என்பது உனக்குத் தெரியும். எந்த மனுவாக இருந்தாலும் 'மேன்மை தங்கிய' என்றுதான் தொடங்க வேண்டும். யாருடைய மேன்மையைப் பற்றியும் எனக்குப் பெரிய எண்ணம் கிடையாது. இன்று அந்தத் தொல்லை இல்லாமல் எழுதுகிறேன்.

நீயும் நானும் ஒரே மாதத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். அதற்குப் பிறகு ஊருக்குள் நமக்குப் பொதுவான தண்ணீர் என்று ஒன்று கிடையாது. கோவிலில் எங்கள் மேலத்தெருவுக்கு நடுக்கூடம், உங்கள் கீழத்தெருவுக்கு வடக்கு ஓரம். எங்களுக்கு நன்மை அப்பம் கொடுத்து முடித்த பிறகுதான் சாமியார் உங்கள் பக்கம் திரும்புவார். மற்ற ஊர்க்காரர்கள் சேரி என்பதை நாம் கீழத்தெரு என்றோம். கிறிஸ்தவர்களான நமக்குக் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

தனியாக இருக்கும்போது என்னை 'நீ' என்பாய். தூரத்தில் எங்கள் தெரு ஆள் ஒருவர் தலை தெரிந்தால், பேச்சின் நடுவிலேயே அது 'நீங்க' ஆகிவிடும். நான் சிரிப்பேன். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நாம் ஆற்றோடு நடந்தது, பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய வருஷம். அதுவரை, ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு காலத்து ஞானஒடுக்கம் என்றால் கோவில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் பிரசங்கம் கேட்பது. பாவத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டுப் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். புதிதாக வந்த இளம் சாமியார் அதை வெளியே கொண்டுபோனார். சங்கராபரணியில் இறங்கி, ஆற்றோடு நடந்து, நான்காம் நாள் வில்லியனூர் மாதா கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். சாமியார் காலையில் தன் கைமணியை அடித்ததிலிருந்து சாயங்காலம் மறுபடி அடிக்கும்வரை மௌனம். ஒரு வார்த்தை பேசினாலும் ஒடுக்கத்தின் பலன் போயிற்று.

சாமியாருக்கு அடுத்தபடி கோவில் காரியம் பார்க்கிற எங்கள் தெரு உபதேசியார்தான் முதலில் முனகினார். அது இந்துக்கள் முழுகுகிற ஆறு, காசிக்குப் போக முடியாதவர்கள் அஸ்தி கரைக்கிற ஆறு, அதில் நமக்கென்ன ஞானம் கிடைக்கப்போகிறது என்றார்.

"ஆறு யாருக்கும் பட்டா போட்டுக் குடுக்கலியே" என்றார் சாமியார்.

எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை மடியில் முடிந்துகொண்டாய் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பங்குனி மாதத்தில் ஆறு என்பது மணல்தான். வழியெல்லாம் குடிக்க ஊற்றுத் தோண்ட ஆள் வேண்டும். கிணறு வெட்டுவதிலும் ஊற்றுத் தோண்டுவதிலும் சுற்று வட்டாரத்தில் உனக்கு நிகர் இல்லை. அதனால் உன்னைக் கூப்பிட்டார்கள். நீ வந்த காரணம் வேறு. உனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டார்கள். உன் மனைவி மறுபடி முழுகாமல் இருந்தாள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்று, ஆற்றோடு கடைசிவரை நடந்து வருவதாக நீ மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தாய். பாதியில் நின்றால் பிள்ளைக்கு ஆகாது என்று உன் மனைவி நம்பினாள். நீயும் நம்பினாய். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. உனக்கு இருந்தது, அது போதும்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் செஞ்சி மலை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு ஊர்க் கரையில் மல்லாட்டைக் கடலைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, எந்தச் சாமிக்குப் போறீங்க என்று கேட்டார். மௌனம் அல்லவா, முப்பது பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்தவனிடம் கேட்டார். அவனும் பேசவில்லை. "இன்னாடா இது, ஊரே ஊமையா?" என்றார். நீ இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல் கையை வைத்து, தலைக்கு முக்காடு போட்டுக் காட்டினாய். "அம்மன் கோயிலா? அத்தச் சொல்றதுதான" என்று ஒரு பானை மோரைக் கொண்டுவந்து வைத்தார். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று மதியம் உபதேசியார் கையாலேயே ஏற்பாட்டைக் காட்டினார். ஆற்றின் மேல்புறத்தில் ஒரு ஊற்று, அது மேலத்தெருவுக்கு. இருபது அடி கீழே இன்னொன்று, அது கீழத்தெருவுக்கு. உங்கள் கை பட்ட தண்ணீர் மேலே ஏறி வராது என்பது கணக்கு. மேல் ஊற்றைத் தோண்டியதும் நீதான். கலங்கல் போக மூன்று முறை இறைத்துவிட்டு நீ விலகிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஊறுவதில் தீட்டு இல்லையாம். உன் வியர்வை அதில் சொட்டியதைப் பார்த்தேன். அதற்குத் தீட்டுக் கிடையாது போலும்.

சாயங்கால மணி அடித்த பிறகு நீ என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாய்.

"தோண்டறவன் மொதல்ல குடிக்கணும். உப்பா, நல்ல தண்ணியான்னு அவன் நாக்குதான் சொல்லணும். மேல் ஊத்த நான் குடிச்சுப் பாக்கல. இன்னைக்கு என் தொழில் பாதிதான் நடந்துச்சு."

கௌரவத்தைப் பற்றிப் பேசுகிறாய் என்று நான் நினைத்தேன். நீ வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

இரண்டாம் நாள் வீடூர் அணையைத் தாண்டினோம். மதகு மூடியிருந்தது. அணைக்குக் கீழே ஆறு வெந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் ஒரு வளைவில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். நீ இரண்டு இடத்தில் காலால் மணலைக் கீறிப் பார்த்தாய். குனிந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினாய். பிறகு ஓர் இடத்தில் மட்டும் தோண்டினாய். கரையைச் சரிவாக விட்டு, அகலமாக, பெரிய ஊற்றாக. மூன்று முறை இறைத்தாய். முழங்காலிட்டு, இந்த அகப்பையால் மொண்டு, நீயே முதலில் குடித்தாய். பிறகு அகப்பையை விளிம்பில் வைத்துவிட்டு நிழலுக்குப் போனாய். இரண்டாவது ஊற்றுத் தோண்டவில்லை.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் பேச முடியாது. உபதேசியார் விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். நீ கண்ணை மூடிச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாய். வாயைத் திறந்து அதட்டினால் ஒடுக்கத்தின் பலன் போய்விடும். திறக்காவிட்டால் தண்ணீர் அதுதான். கொஞ்ச நேரம் உபதேசியார் தவித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கடைசியில் குடித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் குடித்தார்கள். மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே அகப்பையில்.

சாயங்காலம் ஒரு பனந்தோப்பில் மணி அடித்தது. முப்பது வாயும் ஒரே சமயத்தில் திறந்தன. எல்லாரையும் ஒரே குட்டையில முழுக வச்சிட்டானே என்று உபதேசியார் குதித்தார். என் சித்தப்பா தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு ஓங்கரித்தார். குடித்து நாலைந்து மணி நேரம் ஆகியிருந்தது. உன்னை ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் தாங்கள் திரும்புகிறோம் என்றார்கள்.

சாமியார் கெட்டவர் அல்ல. ஆனால் பயந்துவிட்டார். உனக்கு ஒரு வழி செய்து கொடுக்கப் பார்த்தார்.

"ஒரு எடத்துலதான் தண்ணி இருந்தது. அதனால ஒண்ணு மட்டும் தோண்டன. அப்படித்தானே?"

ஆமாம் என்று நீ சொல்லியிருந்தால் முடிந்தது. அவர்களே அதைத்தான் எதிர்பார்த்தார்கள். கத்தியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு உன் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஆமாம் என்றால் உன் நேர்ச்சை நிற்கும், பிள்ளைக்கு ஆகும். நீ செபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாய்.

"ரெண்டு எடத்துலயும் தண்ணி இருக்குது சாமி. தோண்டல."

"ஏன்?"

"குடிச்சுப் பாக்காத ஊத்த நான் யாருக்கும் உட மாட்டேன். உப்பா இருந்து யாருக்காவது வயித்துக்கு வந்தா என் பேரத்தான் சொல்வாங்க. நான் குடிச்சுப் பாத்துத் தர்ற ஊத்து ஒண்ணுதான்."

சமாதானத்துக்காக நாளைக்கு மட்டும் இரண்டு தோண்டு, அல்லது ஊருக்குப் போய்விடு என்றார் சாமியார். கீழத்தெரு ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் கூலிக்குப் போவது எங்கள் நிலங்களுக்கு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நீ அவர்களைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்தாய். நான் யாரிடமும் கூலிக்குப் போகிறவன் அல்ல. ஊரில் இருக்கிற அநியாயத்தையெல்லாம் செஞ்சி டீக்கடையில் உட்கார்ந்து கிழிக்கிறவன். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ துணி மூட்டையை எடுத்துக்கொண்டாய். இந்த அகப்பையை இடுப்பில் செருகினாய். ஆனால் மேற்கே திரும்பவில்லை. ஆறு போகிற திசையிலேயே நடந்தாய். எங்கே போகிறாய் என்று சாமியார் கேட்டார்.

"மாதா கோயிலுக்கு. ஆறு யாருக்கும் பட்டா போடலன்னு நீங்கதான் சொன்னீங்க சாமி."

மூன்றாம் நாள் என்ன நடந்தது என்பதை நீ பார்க்கவில்லை. தண்ணீர் இல்லாத ஆற்றில், தண்ணீர் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆளைத் துரத்திவிட்டு நடந்த கூட்டம் அது. உலகத்தில் வேறு யாருக்காவது இந்தப் புத்தி வருமா தெரியவில்லை. சித்தப்பா ஒரு குழி தோண்டினார். செங்குத்தாகத் தோண்டினதால் மணல் சரிந்து மூடிக்கொண்டது. உபதேசியார் தோண்டிய இடத்தில் முழங்கை ஆழத்துக்கு வெறும் சூடு. நானும் ஒரு குழி தோண்டினேன், அது ஒரு நாய் படுக்கத்தான் லாயக்கு. சாமியாருக்கு உதடு வெடித்துவிட்டது. கீழத்தெருக் கிழவி ஒருத்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் நாணல் புதர் ஓரத்தில் மணலில் நட்டு வைத்திருந்த பனை மட்டையைப் பார்த்தோம். அதன் கீழே ஓலை மூடியிருந்தது. ஓலையைத் தூக்கினால் ஊற்று. கரை சரிவாக விட்டது, அகலமானது, அடியில் மணல் ஒவ்வொன்றும் தெரியும்படி தெளிந்தது. பக்கத்தில், மொண்டு குடிக்க ஓலையில் மடித்த பட்டை. விளிம்பில் இரண்டு முழங்கால் தடம்.

ஒரே ஊற்று. நீ முதலில் குடித்துப் பார்த்த ஊற்று என்று அந்த முழங்கால் தடம் சொல்லிற்று. அது புரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

சாமியார் அதே தடத்தில் முழங்காலிட்டுக் குடித்தார். பிறகு கிழவிக்குக் கொடுத்தார். பிறகு எல்லோரும். சித்தப்பா கடைசியில், முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தார். சாயங்காலம் தங்குகிற இடத்திலும் இன்னொரு ஊற்று மூடி வைத்திருந்தாய். மணி அடித்தது. முந்தின நாள் போல வாய்கள் திறக்கவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, உபதேசியார் உட்பட. நானும்தான். பகல் மௌனத்துக்குப் பலன் உண்டு என்கிறார்கள். அந்தச் சாயங்கால மௌனத்துக்குப் பலன் எதுவும் இருக்க முடியாது.

வில்லியனூரில் மாதா குளத்துப் படியில் நீ பொரி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியமாக ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். மனு எழுதுகிறவன் அல்லவா. நீ அதைச் சொல்ல விடவில்லை.

"சாமியாரு மணி அடிச்சாரு இல்ல? அப்புறமும் இன்னாத்துக்கு நீ வாயத் தொறக்கல?"

பயம் என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லியா? புள்ளைய நெனச்சு, ஆமாம்னு பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு" என்றாய். பிறகு பொரியில் பாதியை என் துண்டில் கொட்டினாய். சுற்றிலும் எங்கள் தெரு ஆட்கள் நின்றார்கள். நீ 'நீங்க' என்று மாற்றவில்லை. அன்று முதல் கடைசிவரை மாற்றவில்லை.

ஐப்பசியில் பிள்ளை பிறந்தாள். தங்கினாள். பாதி வழியில் நீ பொய் சொல்லியிருந்தாலும் அவள் பிறந்திருப்பாள் என்பது என் கட்சி. அதை நான் உன்னிடம் சொன்னபோது, "இருக்கலாம். ஆனா அவகிட்ட நான் இன்னான்னு சொல்வேன்?" என்றாய்.

அதற்கு அடுத்த வருஷம் ஒடுக்கத்துக்கு இரண்டு ஆட்களைப் பிடித்தார்கள். மறுபடி மேல் ஊற்று, கீழ் ஊற்று. நீ போகவில்லை. நான் போகாமல் இருந்துவிட்டு, அதையே எதிர்ப்பு என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் சித்தப்பா நிலத்தில் கிணறு வெட்டப் போனாய். மேல் மண் இளக்கமாக இருக்கிறது, கரையைச் சரிவாக விட வேண்டும் என்று நீ இரண்டு முறை கேட்டாயாம். சரிவு விட்டால் நாலு பாத்தி மல்லாட்டை வீணாகும் என்றாராம். ஆற்று மணலில் அவர் செங்குத்தாகத் தோண்டிய குழி சரிந்ததை அவரே பார்த்தவர். இருந்தும் அப்படிச் சொன்னார். மண் விழுந்தபோது நான் செஞ்சியில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தேன். உன்னை வெளியே எடுக்க மாலை ஆகிவிட்டது. ஊர் கூடி, மண் சரிந்ததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று பேசி முடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்து நடுவே இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் உன்னை வைத்தோம். 'வைத்தோம்' என்று எழுதுகிறேன். எங்கள் தெருவிலிருந்து சுவரைத் தாண்டி வந்தவன் நான் ஒருவன்தான். அதற்குப் பெரிய தைரியம் தேவைப்படவில்லை. நீ கேள்வி கேட்க முடியாத நிலையில் இருந்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இந்த வருஷத்து ஒடுக்கத்துக்குப் பேர் எழுதினார்கள். ஊற்றுத் தோண்ட யாரைக் கூப்பிடுவது என்று உபதேசியார் கேட்டார். நான் எழுந்து, நான் தோண்டுகிறேன் என்றேன்.

"பேனா புடிக்கிற கை. நீ எத்தினி அடி தோண்டுவ?" என்றார். கூட்டம் சிரித்தது.

தண்ணீர் வருகிற அடி வரைக்கும் என்றேன். ஒரு ஊற்றுத்தான் தோண்டுவேன், நான் முதலில் குடிப்பேன், பிறகு எல்லோரும் அதிலேயே குடிக்கலாம், வேண்டாதவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரலாம் என்றேன். சிரிப்பு நின்றது. என்னைப் பெற்ற நைனா எழுந்து வெளியே போனார். சித்தப்பா தான் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி மாட்டு வண்டியில் வருவதாகச் சொன்னார். மாடு எந்த ஊற்றில் குடிக்கும் என்று வடக்கு ஓரத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. உன் மனைவிதான். கோவிலுக்குள் கீழத்தெரு சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. பதினொரு பேர் நோட்டிலிருந்து தங்கள் பேரை அடித்துவிட்டார்கள். சாமியார் நோட்டை வாங்கி மிச்சப் பேரை எண்ணிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

தை மாதத்திலிருந்து ஆற்றுக்குப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் ஐந்து குழியும் சரிந்துவிட்டன. உன் மனைவி பிள்ளையோடு வந்து கரையில் நின்று பார்த்துவிட்டு, "கோழி கெளர்றா மாதிரி இருக்குது" என்றாள். பிறகு இறங்கி வந்து, காலால் கீறி மணலின் நிறம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். நீ அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததாம். இப்போது சரிவு விடத் தெரிகிறது. கையில் தோல் உரிந்து, காய்த்து, பேனா பிடித்தால் உறுத்துகிறது. மனுவில் கையெழுத்துக் கெட்டுவிட்டது என்று ஆட்கள் குறைப்படுகிறார்கள்.

நாளை காலை மணி அடித்ததும் மௌனம். அதற்கு முன்பே பேச வேண்டியதை இந்தத் தடவை பேசிவிட்டேன். முதல் நாளும் ஒரே ஊற்றுத்தான்; மறுநாள் வீடூருக்குக் கீழே அந்த வளைவில், நீ தோண்டிய இடத்திலேயே தோண்டப் போகிறேன். மூன்று முறை இறைத்து, முழங்காலிட்டு, உன் அகப்பையால் நான் குடிப்பேன். அடுத்ததாக உன் மகளிடம் கொடுப்பேன். உன் மனைவி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். அவளுக்குப் பின்னால் யார் கை நீட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். சாயங்காலம் மணி அடித்த பிறகும் நிற்பேன்.